இடப்பக்க முறுக்கு

சந்திரகலா டீச்சரின் நூல் நூற்கும் வகுப்பில் நாங்கள் எட்டு பேர். பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின் தெருவில், ஒரு டிராவல்ஸ் கடையின் மாடியில் அந்த அறை. ஞாயிறு காலை பத்து மணிக்குச் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கம்பளத்தில் உட்காருவோம். ஆளுக்கு விரலால் சுழற்றி நூற்கும் ஒரு தக்ளி, ஒரு பை நிறைய செம்மறி ஆட்டு ரோமம். ஏசி எவ்வளவு ஓடினாலும் ஆட்டு வாடை மட்டும் அறையை விட்டுப் போகாது.

என்னை அங்கே சேர்த்தது அம்மா. பதினொன்றாம் வகுப்பின் பாதியில் நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். ஆங்கில வாய்மொழித் தேர்வுக்கு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. பின் பெஞ்சில் யாரோ போனில் படம் எடுத்தார்கள். மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை.

அப்பா திட்டவில்லை. "டிசம்பர் வரைக்கும் பார்ப்போம் மஹதி. அதுக்குள்ள இங்கயே உனக்கு ஏதாவது அமைஞ்சா இரு. இல்லன்னா சேலத்துல அத்தை வீட்டுல தங்கி பிரைவேட்டா எழுது" என்றார்.

அத்தை வீட்டுக்கு வந்து போகிற ஒவ்வொருவரிடமும் நான் பேச வேண்டும். பேசாவிட்டால், "வாயில என்னடி கொழுக்கட்டையா?" என்று அத்தை எல்லோர் எதிரிலும் கேட்பாள்.

முதல் வகுப்பிலேயே டீச்சர் சொன்னார்: "தக்ளிய எல்லாரும் வலப்பக்கம்தான் சுத்தணும். கடிகார முள்ளு போற பக்கம். யாரும் மாத்தாதீங்க."

அதைக் கேட்டதும் எல்லோரும் வசந்தகுமாரி அக்காவைப் பார்த்துச் சிரித்தார்கள். வசந்தி அக்கா நொட்டாங்கைக்காரி. அருப்புக்கோட்டைப் பக்கம். மீனா பஜாரில் ஒரு தையல் கடையில் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிற வேலை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் டூட்டி கிடையாது. எதையும் இடது கையால்தான் எடுப்பாள், டீ கிளாஸைக்கூட.

"வசந்தி, உனக்கு மட்டும் கடிகாரம் பின்னாடி ஓடுமே, என்ன செய்யப் போற?" என்றார் பானுமதி ஆன்ட்டி.

"ஓடுனா நல்லதுதானக்கா. வயசு குறையும்ல" என்றாள் வசந்தி அக்கா.

ஆனால் அவள் சொன்னபடி செய்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, வலது கையால், வலப்பக்கமாக. முதல் இரண்டு வாரம் அவளுடைய இழை கயிறு மாதிரித் தடித்து வந்தது. மூன்றாவது வாரம் சீரானது.

நானும் இடது கைதான். அது அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. நான்கு வயதில் இடது கையில் ஒரு காலுறையை மாட்டி மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிடுவாள் அம்மா. சாப்பிடும்போதும் கட்டு, எழுதும்போதும் கட்டு. ஆறு மாதத்தில் நான் வலது கைக்காரி ஆகிவிட்டேன், மற்றவர்கள் பார்க்கும்போது மட்டும்.

வகுப்பில் வலது கையால் சுற்றினேன். வீட்டில் பாத்ரூம் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு இடது கையால் சுற்றினேன். இடது கை தக்ளியைத் தொட்டதும் அது தானாகவே இடப்பக்கம் சுழன்றது. இழை தலைமுடிபோல சன்னமாக இறங்கியது. எந்தப் பக்கம் சுற்றினால் என்ன, பார்க்க ஒன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்திருந்தார். என் ஜோடி வசந்தி அக்கா. அந்த வகுப்பில் என்னிடம் பேசியவள் அவள் ஒருத்திதான். நான் பதில் சொல்லாவிட்டாலும் அவள் பாட்டுக்குப் பேசுவாள். "பாப்பா, நான் எட்டாவதோட நின்னவ. நீ பதினொண்ணு. நம்ம ரெண்டு பேரையும் கூட்டுனா ஒரு டிகிரி வந்துரும்" என்பாள்.

நான்காம் வாரம் டீச்சர் சொன்னார்: "ஜனவரியில புதுசா ஒரு பேட்ச் ஆரம்பிக்கிறேன். எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணும். மஹதி, இல்லன்னா வசந்தி. நீங்க ரெண்டு பேரும்தான் நல்லா நூக்கறீங்க. அடுத்த வாரம் முடிவு பண்ணிடறேன். வீட்டுல ஆளுக்கு ரெண்டு உருண்டை நூத்துக் கொண்டு வாங்க."

இறங்கும்போது படியில் வசந்தி அக்கா என் தோளில் இடித்தாள். "கடையில என்னைய ஏய், இந்தாம்மானுதான் கூப்பிடுறாங்க. ஒருத்தராச்சும் டீச்சர்னு கூப்பிட்டா எப்பிடி இருக்கும்? ஆனா உனக்குக் கெடச்சாலும் எனக்குச் சந்தோசந்தான் பாப்பா."

எனக்குக் கிடைக்க வேண்டும் என்று மட்டும்தான் நான் நினைத்தேன்.

ஐந்தாம் வாரம், ஒவ்வொரு ஜோடியும் நான்கு உருண்டைகளை ஒரே கவரில் போட்டுக் கொடுத்தோம். எங்கள் கவரின் மேல் இரண்டு பெயரும் இருந்தது. உருண்டைகள் மேல் பெயர் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை.

அன்றுதான் டீச்சர் இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்குவதைக் காட்டினார். வலப்பக்கம் முறுக்கிய இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்து, இப்போது தக்ளியை இடப்பக்கம் சுற்ற வேண்டும். அப்போது இரண்டும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நிற்கும். பானுமதி ஆன்ட்டி ஜோடியின் நூல் அப்படித்தான் அழகாக நின்றது.

அடுத்து எங்கள் கவர். டீச்சர் இரண்டு உருண்டைகளை எடுத்து நுனிகளைச் சேர்த்துச் சுற்றினார். ஒரு இழை இறுகி, இறுகி, கம்பிபோலச் சுருண்டது. இன்னொன்று முறுக்கு விட்டுத் தளர்ந்து புழுப்புழுவாக வெளியே பிதுங்கியது. இறுகிய இழை பட்டென்று அறுந்தது.

அறுந்தது என் இழை. அந்த சன்னத்தைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

டீச்சர் இழையைக் கண்ணுக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது இடப்பக்கம் சுத்தினது. படிச்சுப் படிச்சு சொன்னேனே. யாரோடது இது?"

யாரும் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இதையும் கேக்கணுமா டீச்சர்?" என்றார் பானுமதி ஆன்ட்டி. "நொட்டாங்கை வேலையப் பாருங்க!" அறை முழுக்கச் சிரித்தது.

வசந்தி அக்கா அந்த இழையை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தாள். "நான் வலப்பக்கந்தான் டீச்சர் சுத்துனேன். மறந்தாப்புல கை திரும்பிருச்சோ என்னமோ. வேலைக்குப் போயிட்டு வந்து ரூமுல தூக்கக் கலக்கத்துல சுத்துனது." பிறகு இழையை வெளிச்சத்தில் நீட்டினாள். அவள் முகத்தில் லேசாக ஒரு பெருமை வந்தது. "ஆனா பாருங்களேன், எம்புட்டு சன்னமா வந்துருக்கு."

"சன்னமா இருந்து என்ன வசந்தி? உபயோகமில்லையே" என்றார் டீச்சர். கவரிலிருந்து இன்னொரு உருண்டையை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். அது வலப்பக்கம் முறுக்கியது, வசந்தி அக்கா நூற்றது. "மஹதியோடது பாருங்க, சரியா இருக்கு."

நான் வாயைத் திறந்திருக்கலாம். "என்னுது" என்று ஒரே ஒரு சொல் போதும். எல்லோரும் என்னைக் கூச்சக்காரி என்பார்கள். வாய்மொழித் தேர்வில் சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது உண்மை. ஆனால் அன்று எதுவும் சிக்கவில்லை. சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. நான் சேலத்தை நினைத்துக்கொண்டு அதை விழுங்கினேன்.

"பாவம், அவளா எதுவும் சொல்லிக்கமாட்டா" என்று டீச்சர் என் தலையைத் தடவினார். "ஜனவரியிலேருந்து நீ என் பக்கத்துல உக்காரு மஹதி. பேச வேண்டாம். கையால காட்டினா போதும்."

அன்று மாலை அப்பா கராமாவில் எனக்குப் பிடித்த பலூடா வாங்கிக் கொடுத்தார். அத்தைக்கு போன் போட்டு, "அவ வரலக்கா, இங்க டீச்சர் ஆயிட்டா" என்றார். நான் பலூடாவை முழுவதும் சாப்பிட்டேன்.

ஜனவரி முதல் ஞாயிறு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதியவர்கள் ஆறு பேர். ஏழாவதாக வசந்தி அக்கா வந்து கடைசியில் உட்கார்ந்தாள். "முதல்லேருந்து கத்துக்கிறேன் டீச்சர். அடிப்படை சரியில்ல எனக்கு" என்றாள்.

சந்திரகலா டீச்சர் என்னை அவளிடம் அனுப்பினார். நான் எதிரில் உட்கார்ந்தேன். அவள் தக்ளியைச் சுற்றினாள். வலது கை, வலப்பக்கம். எப்போதும் போலச் சரியாக.

"சரியா டீச்சர்?" என்று என்னைக் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை.

"ம்" என்றேன்.

பிறகு அவள் பையிலிருந்து ஒரு துணிக் கிழிசலை எடுத்தாள். கடையில் மிஞ்சிய சிவப்பு ஃபால்ஸ் துண்டு. இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி என்னிடம் நீட்டினாள்.

"இது கண்ணுல பட்டா ஞாபகம் வரும்ல, அதுக்குத்தான். ரூமுல சுத்தும்போதும் போட்டுக்கிடுவேன். ஒத்தக் கையால கட்ட வரல. கொஞ்சம் இறுக்கிக் கட்டு பாப்பா."

நான் முடிச்சுப் போட்டேன். முடிச்சுப் போடும்போது என் இடது கைதான் முந்திக்கொண்டு போனது. அவள் கவனிக்கவில்லை.

"இன்னும் இறுக்கு" என்றாள்.

இறுக்கினேன்.