மூன்று ஏக்கர் வெங்காயம், ஒன்றரை ஏக்கர் நெல்

மணிமொழி சாக்கை விரித்து வெங்காயத்தைக் கொட்டியதும், குழம்புக்கு உரிக்கப்போகிறாள் என்றுதான் கணவன் வேல்முருகன் நினைத்தான். அவளோ உரிக்காமல் நான்கு நான்காக ஐந்து வரிசை அடுக்கினாள்.

"ஒரு வெங்காயம் பத்தாயிரம் ரூவான்னு வச்சுக்குங்க. இது என் தங்கச்சி வூட்டு வயலு. அஞ்சு வருசத்துல வருசா வருசம் செலவு போக மிஞ்சினது."

அதற்குக் கீழே இன்னோர் ஐந்து வரிசை. முதல் வரிசையில் பதின்மூன்று வெங்காயம். அடுத்ததில் இரண்டே இரண்டு. மூன்றாவது வரிசையில் வெங்காயமே இல்லை, மூன்று சருகு மட்டும் கிடந்தது. விலை ஏறட்டும் என்று பட்டறை போட்டு அடுக்கி வைத்துக் காத்திருந்து, மழை இறங்கி அத்தனையும் அழுகி, கைக்காசிலும் முப்பதாயிரம் போன வருடம் அது. நான்காவதில் ஒன்பது. ஐந்தாவதில் ஒன்று.

"இது நம்ம வெங்காயக் காடு. எண்ணிப் பாருங்க."

வேல்முருகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ணினான். மேலே இருபது. கீழே, சருகைக் கழித்தால் இருபத்திரண்டு.

"அட, நம்மதுதான் ரெண்டு கூட!"

"கூடத்தான். ஆனா அங்க வருசா வருசம் நிம்மதியா தூங்கறாங்க."

குரும்பலூரில் இந்த மூன்று ஏக்கர் புஞ்சைக்குப் பட்டா மணிமொழியின் பெயரில் இருந்தது. திருமானூரில் அவள் தங்கை வெற்றிச்செல்வியின் கணவன் நடராசனுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. சந்தை விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. வேல்முருகனுக்கு வெகுநாளாகவே கொள்ளிடத்துத் தண்ணீரின் மேல் ஒரு கண். நடராசனுக்கோ பெரம்பலூர் டவுன் குரும்பலூரை நோக்கி மனை மனையாக நகர்ந்துவருவதன் மேல். ஒரு காதுகுத்து விருந்தில், பாயசம் வருவதற்குள், சகலைகள் இருவரும் நிலத்தை மாற்றிக்கொள்வதென்று பேசி முடித்துவிட்டார்கள். மணிமொழி சரி என்றால் ஐப்பசியில் பத்திரம். கையெழுத்துப் போட்டுவிட்டால் குரும்பலூரில் அவளுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் இருக்காது.

அவளுக்குக் கோபமில்லை. எது எப்படி ஓடுகிறது என்று திறந்து பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வாங்கிய மறுநாளே மிக்சியைக் கழற்றிப் பார்த்தவள். நிலத்தின் விலையையும் அப்படித்தான் கழற்றிப் பார்த்தாள். திருமானூரில் தண்ணீருக்கு விலை. இங்கே ரோட்டுக்கு விலை. அதே மண், அதே வெங்காயம், தார் ரோட்டைத் தொட்டுவிட்டால் நான்கு மடங்கு. ரெட்டிபாளையத்துப் பக்கம் போனால் மேலே என்ன விளைகிறது என்று கேட்பாரில்லை, சிமெண்டுக்கு ஆகும் கல் அடியில் எவ்வளவு ஆழம் என்றுதான் கேட்கிறார்கள். ஆக, விலையும் விளைச்சலும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் இல்லை. அதது அதன் பாட்டுக்குப் போகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இன்றோ சிரிக்கவில்லை, சாக்கில் அடுக்கியதை மறுபடி ஒரு தடவை விரல்விட்டு எண்ணினாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு கணக்குலயும் ஒண்ணு உட்டுப்போச்சு. நட்டது, களை எடுத்தது, அறுத்தது எல்லாம் நாங்க அக்கா தங்கச்சி. எங்க கூலிய எங்க வச்சிருக்கு?"

"நம்ம கைக்கு நாமளே கூலி குடுப்பமா?"

"குடுக்க வேணாம். நிலம் மாறினா கையும்ல மாறணும்? இந்தக் கை அங்க போனா என்ன ஆவும்னு பாக்கலாம்ல?"

அன்றே தங்கைக்கு போன் போட்டாள். மாத்தாள் முறை இருக்கவே இருக்கிறது. என் வயலுக்கு நீ ஒரு நாள் வந்தால் உன் வயலுக்கு நான் ஒரு நாள் வருவேன், காசு கிடையாது. ஊருக்குள் நடப்பதை இரண்டு ஊருக்கு நடுவே நடத்தினால் பஸ் காசு மட்டும்தானே கூட!

புரட்டாசியில் மணிமொழி திருமானூருக்குப் போனாள். முழங்கால் சேற்றில் இறங்கி, ஒரு மூலை முழுவதும் தனி ஆளாக நாற்று நட்டாள். கோடு பிடித்த மாதிரி வரிசை, நடராசனே மெச்சினான். மறுநாள் காலை அவன் வரப்பிலிருந்து கத்தினான்: "அண்ணி, நீங்க நட்ட நாத்தெல்லாம் கொள்ளிடத்துக்குக் கெளம்பிருச்சு! ஓடியாங்க!"

ஓடிப்போய்ப் பார்த்தால், அத்தனை நாற்றும் தண்ணீரில் மிதந்து வரப்போரம் ஒதுங்கிக் கிடந்தது. மற்ற பெண்கள் நட்டது நிமிர்ந்து நின்றது. வெங்காயம் நட்டுப் பழகிய கை அவளுடையது. மண்ணைத் தொட்டும் தொடாமலும் வைத்துவிட்டு வந்துவிடும்.

வெற்றிச்செல்வி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க்கா, நாத்த நடச் சொன்னா கோலப்பொடி மாதிரி தூவிட்டு வந்திருக்கியே!"

ஒதுங்கிய நாற்றையெல்லாம் பொறுக்கி மறுபடி ஊன்றிவிட்டுத்தான் மணிமொழி ஊர் திரும்பினாள். பதிலடிக்கு ஒரு வாரம்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. குரும்பலூருக்கு வந்த தங்கை, விதை வெங்காயத்தை விரலோடு சேர்த்து மண்ணுக்குள் அழுத்தி, மண் அணைத்த மேட்டு வரிசைகளில் மூன்று பார் முழுவதும் நட்டு முடித்துவிட்டாள். பின்னால் வந்த மணிமொழி ஒன்றைத் தோண்டிப் பார்த்தாள். தோண்டிக்கொண்டே போனாள்.

"அடியேய், நட்டியா, பொதைச்சியா? வெங்காயத்துக்குத் தலை வெளிய தெரியணும்டி! இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா போர் தண்ணி வந்திருக்கும்."

எடுத்து நடலாம் என்றாள் மணிமொழி. தங்கை விடவில்லை. "கெடக்கட்டும். எங் கைக்கு இந்த மண்ணுல மொளைக்குதா இல்லையான்னு பாத்துட்டுத்தான் மாமா பத்திர ஆபீஸுக்குக் கெளம்பணும்."

பத்திரத்துக்குக் குறித்த நாளும் வந்தது. மணிமொழியின் பார்களில் பச்சை அடர்ந்திருந்தது. நடுவில் அந்த மூன்று பார் மட்டும் சொட்டை. நடராசனோடு முதல் பஸ்ஸுக்கே வந்து இறங்கிய வெற்றிச்செல்வி, வீட்டுக்குள் நுழையாமல் நேராகக் காட்டுக்கு நடந்தாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள்.

"அக்கா! இங்க வாயேன்!"

மண் ஓரிடத்தில் வெடித்து லேசாக மேடு தட்டியிருந்தது. அவள் நகத்தால் மண்ணை விலக்கினாள். உள்ளே வெளுத்த ஒரு நுனி. அடுத்ததிலும் ஒன்று. அதற்கடுத்தது அழுகியிருந்தது. அதற்கும் அடுத்ததில் மறுபடி ஒரு நுனி.

"நீ ரெண்டாவது தடவ ஊனின நாத்தும் நிக்குதுக்கா. கொஞ்சம் கோணல். ஆனா நிக்குது."

மணிமொழியும் எதிரே மண்டியிட்டாள். ஒவ்வொரு தலைக்கும் மேலிருந்த மண்ணை இருவரும் விலக்கிக்கொண்டே போனார்கள். தங்கையின் விரல் இப்போது மண்ணைத் தொட்டும் தொடாமலும் போவதை மணிமொழி பார்த்தாள்.

"சகல, ஆபீஸ் பத்து மணிக்குத் தொறந்துருவான்" என்றான் வரப்பில் நின்ற நடராசன். சொல்லிவிட்டு அவனும் குனிந்து எட்டிப் பார்த்தான்.

வேல்முருகன் ஒரு சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்தான். "ரெண்டு பேரும் கையக் கழுவுங்க. கையெழுத்துப் போட வேணாமா?"

மண் அப்பிய நான்கு கைகள் அவன் பக்கம் நீண்டன. அதே நேரம் அவன் காலடியில் இன்னொரு மேடு வெடித்திருப்பதை வெற்றிச்செல்வி பார்த்துவிட்டாள்.

"மாமா, காலு! காலு!"

அவன் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றான். சொம்பு சாய்ந்து, கை கழுவக் கொண்டுவந்த தண்ணீர் பார் வழியே மெல்ல ஓடி, ஒவ்வொரு வெள்ளை நுனியாகத் தொட்டுக்கொண்டு போனது.