திடீர் அடி: இல்லை

காரைக்காலிலிருந்து மண்டபத்தூர் போகும் வழியில், கடற்காற்று நேராக வந்து மோதும் இடத்தில் அந்த ஆலை இருந்தது. இரும்புக் குழாய்களுக்குத் துத்தநாகம் பூசுவதற்கு முன்னால், சூடான அமிலத்தில் முக்கித் துருவைக் கழுவுவார்கள். அமிலக் கொட்டகையின் புகையை வெளியே இழுத்துத் தள்ள ஒரே ஒரு புளோயர். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் குஞ்சம்மா.

"தெனம் மொறைச்சிக்கிட்டு நிக்கிறான். தட்டி எழுப்பினாத்தான் ஓடுறான். வேற என்னன்னு கூப்புடுறது?" என்பாள்.

சுரக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் அவளோடு சேர்த்து ஆறு ஒப்பந்தப் பெண்கள் வருவார்கள், அவள்தான் தலைவி. வந்ததும் முழ நீள இரும்புக் கம்பி ஒன்றை எடுப்பாள். புளோயரின் தண்டு நுழையும் இடத்தில் மூன்று அடி. ராத்திரி படிந்த உப்புப் பொருக்கு பொலபொலவென்று உதிரும். "எந்திரிடா மாப்ள!" பிறகுதான் ஃபிட்டர் காஜா நஜ்முதீன் ஸ்விட்சைப் போடுவார்.

மாப்பிள்ளையின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் எஃகு பேரிங்கை உள்ளேயிருந்து அமிலப் புகையும் வெளியேயிருந்து கடல் உப்பும் தின்றன. இருபது நாள்தான் அதன் ஆயுசு. சாவதற்கு முன்னால் ஒன்றிரண்டு நாள் கீச்சென்று கத்தும். கத்தினால் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். தை மாதத்தில் ஒருநாள் அது கத்திய ஐந்தாவது நிமிடமே நின்றுபோனது. காலித் தொட்டிக்குள் இறங்கியிருந்த தொழிலாளி புகழேந்தி ஏறி வருவதற்குள் நெஞ்சு வெந்துவிட்டது. இப்போது ஆறு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறான்.

நிற்காத பேரிங் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை முத்தமிழிடம் வந்தது. பராமரிப்புப் பிரிவில் இன்ஜினியராகி இரண்டு வருடம். அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் மடியில் பேரிங் கம்பெனிகளின் விவரப் புத்தகங்கள்தான். இன்னொரு புகழேந்தி கூடாது. அது ஒன்றுதான் அவளுக்கு நினைப்பு.

துருப்பிடிக்காத எஃகைப் போட்டுப் பார்த்தாள், மூன்று வாரம்தான் தாங்கியது. பந்துகள் மட்டும் பீங்கான் போன்ற செராமிக்காக இருப்பதைப் போட்டாள். பந்துகள் புதிதாக மின்ன, அவற்றைச் சுற்றியிருந்த எஃகு வளையங்கள் அரித்துப்போயின. மிச்சமிருந்தது ஒன்றுதான். வளையம், பந்து எல்லாமே செராமிக், பந்துகளைப் பிடித்துவைக்க டெஃப்லான் கூடு. கிரீஸ் வேண்டாம், அமிலத்துக்கும் உப்புக்கும் அசையாது. அதிலும் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு ஜாதி. தண்டு சூடேறிப் பருத்தால் கறுப்பு கூடவே விரியாது. வெள்ளை ஏறக்குறைய இரும்போடு சேர்ந்து விரியும். வெள்ளையைத் தேர்ந்தெடுத்தாள்.

மாதிரி வந்த அன்று அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தாள். நிலவைக் கடைந்து வளையல் செய்தாற்போல் இருந்தது. விரலால் சுண்டினால் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

காஜா நஜ்முதீன் சவூதியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பத்து வருடம் ஓட்டியவர். ஸ்க்ரூடிரைவரின் நுனியை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். வெள்ளை வளையத்தைக் காதருகே கொண்டுபோய்ச் சுற்றிப் பார்த்தார்.

"மேடம், இது கெட்டுப்போறதுக்கு முன்னாடி கத்துமா?"

"கெட்டே போவாது பாய்."

"கெட்டுப்போவாத சாமான் ஏது மேடம் துனியாவுல? உசுரு போயி மவுத்தாவறதுன்னா சொல்லிட்டு ஆவணும். இரும்பு சொல்லும்."

"இருபது நாளைக்கு ஒருதரம் சொல்லிக்கிட்டே இருக்கணுமா?"

"எம் பொஞ்சாதி பஹீமா தெனம் சொல்றா. அதுனாலதான் நான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கேன்" என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். மறுநாள் காலையில் கம்பெனிக்கு அனுப்பவேண்டிய படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். அமிலம்: உண்டு. உப்புக் காற்று: உண்டு. எண்ணெய், கிரீஸ்: இல்லை. வேகம்: மாறாதது. கடைசிக் கேள்வி, திடீர் அடி உண்டா? விவரப் புத்தகம் அதைச் சிவப்பில் அச்சிட்டிருந்தது. இந்தப் பொருள் தேயாது. ஆனால் அடி தாங்காது, உடைந்தால் ஒரேயடியாக உடையும். முத்தமிழ் புளோயரின் விசிறியை நினைத்துப் பார்த்தாள். இலேசான விசிறி, ஒரே சீரான ஓட்டம், குலுக்கல் கிடையாது.

ஜன்னலுக்கு வெளியே டங், டங், டங் என்று கேட்டது. "எந்திரிடா மாப்ள!"

அவள் உதட்டில் புன்னகை வந்தது. பேனா நிற்கவில்லை. 'இல்லை' என்று எழுதினாள்.

புது பேரிங்கைப் பொருத்தும்போது காஜா சுத்தியலைத் தொடவே இல்லை. பிள்ளைக்கு வளையல் போடுவதுபோல் கையால் நகர்த்தி உட்காரவைத்தார். மாப்பிள்ளை ஓடியது. ஓடுவதே தெரியவில்லை.

"என்னம்மா பாப்பா, மாப்ள வாயே தொறக்க மாட்டேங்குறான்? சொக்குப்பொடி போட்டுட்டியா?" என்றாள் குஞ்சம்மா.

"நல்ல எடத்துல வளந்த மாப்ள, அக்கா."

"அப்ப நம்மளுக்கு ஒத்துவராது" என்று மற்றப் பெண்களைச் சிரிக்கவைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாளும் கம்பியை எடுத்தாள். சத்தம் போடாத மாப்பிள்ளைக்கும் உப்புப் படியத்தானே செய்கிறது.

இருபது நாள் போனது. நாற்பது போனது. முத்தமிழ் தூங்கினாள்.

எட்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. ஒரு தொட்டியை வடித்துவிட்டு, அடியில் கிடந்த வண்டலைச் சுரண்டக் குஞ்சம்மாவும் அஞ்சுகமும் இறங்கியிருந்தார்கள். பக்கத்துத் தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது. பத்தரை மணிக்குக் குழாய்கள் உருளும் இரைச்சலுக்கு நடுவே டப்பென்று ஒரு சின்ன ஓசை. தண்டு சாய்ந்தது, மோட்டார் தானாக அணைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு வாரமாக அது ஓடும் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. நின்ற சத்தம் மட்டும் எப்படிக் கேட்கும்? புகை தொட்டிக்குள் இறங்கியது. வருடக்கணக்காக அமிலத்தில் நின்றவர்களுக்கு மூக்கு எப்போதோ செத்துவிட்டது.

அஞ்சுகம் தண்ணீர் குடிக்க மேலே ஏறினாள். இருமிக்கொண்டே திரும்பிப் பார்த்தால், குஞ்சம்மா சுரண்டியை மடியில் வைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காஜாதான் இறங்கித் தூக்கி வந்தார். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் முடிந்துபோனது.

புளோயரைத் திறந்தபோது வெள்ளைச் சில்லுகள் உடைந்த பற்கள்போல் கொட்டின. பந்து ஓடிய தடம் தேயாமல் பளபளத்தது. அமிலம் ஒன்றும் செய்திருக்கவில்லை. முத்தமிழ் தேர்ந்தெடுத்ததில் அந்தக் குற்றம் இல்லை.

காஜா சுவரோரம் சாய்த்திருந்த கம்பியைப் பார்த்தார். பிடிக்கும் இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"தெனம் எங்கண்ணு முன்னாடிதான் தட்டுச்சு அந்தப் புள்ள" என்றார். "தட்டி முடிக்கட்டும்னு காத்திருந்துதான் ஸ்விட்சுப் போடுவேன்."

"நான் ஜன்னல்லேருந்து கேட்டேன் பாய். கேட்டுக்கிட்டேதான் எழுதினேன்."

மேனேஜர் அறிக்கையின் வாசகத்தை முன்னாலேயே தயாரித்து வைத்திருந்தார். தொழிலாளி இயந்திரத்தைத் தவறாகக் கையாண்டதால் நேர்ந்த விபத்து.

"அந்தம்மா தப்பாக் கையாளல சார். எட்டு வருஷமா அப்படித்தான் அத ஓட்டினாங்க. நான்தான் அந்த அடியக் கணக்குல சேக்கல."

"உம்மேல பழியப் போட்டுக்கிட்டா அவ எந்திரிச்சு வந்துருவாளா?"

முத்தமிழ் தன் பெயரைப் போட்டுத் தனியாக ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள். மேலிடத்துக்குப் போனது மேனேஜருடைய அறிக்கைதான் என்று பிற்பாடு தெரிந்தது.

புகை கூடினால் மணியடிக்கும் கருவி கேட்டு அவள் அனுப்பிய கடிதம் அனுமதிக்குப் போயிருக்கிறது, இன்னும் பதில் வரவில்லை. புளோயரை நிறுத்திவைக்க முடியாது என்றார்கள். மறுபடியும் படிவம் வந்தது. எல்லாக் கேள்விக்கும் முன்போலவே பதில் எழுதினாள். கடைசியில் 'உண்டு, தினமும்' என்று எழுதிவிட்டு, துருப்பிடிக்கிற, இருபது நாள் ஆயுசுள்ள, பழைய எஃகு பேரிங்கையே தேர்ந்தெடுத்தாள்.

கம்பியை இப்போது அஞ்சுகம் எடுக்கிறாள். மூன்று அடி. மாப்பிள்ளை என்று யாரும் கூப்பிடுவதில்லை.

பதினெட்டாம் நாள் பிற்பகலில் அது கத்தத் தொடங்கியது. முத்தமிழ் ஜன்னலுக்கு ஓடினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகையிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். எண்ணினாள். ஐந்து. இப்போது அவ்வளவு பேர்தான். கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.