நெட்டா வரைந்த வெயில்

எங்கள் வீட்டுக்கு மே மாதக் கடைசியில் வெயில் வருவது நின்றுவிடும். மறுபடி எட்டிப் பார்க்க ஆகஸ்ட் பாதி ஆகும். வீட்டுக்கு வடக்கே ஒரு மேடு. குளிர்காலத்துச் சூரியன் அந்த மேட்டுக்குப் பின்னாலேயே தவழ்ந்து போய் இறங்கிவிடும். பூமியின் தென்கோடி ஊர் எங்களுடையது; ஜூன், ஜூலைதான் இங்கே குளிர்காலம், சூரியன் வடக்கே சாய்ந்து போகும். டனீடினில் மாணவர்கள் வாடகைக்கு எடுக்கிற வீடுகள் பாதி இப்படித்தான். சமையலறையில் நின்று பேசினால் வாயிலிருந்து ஆவி வரும். காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் வழியும் தண்ணீரைத் துணியால் துடைத்துப் பிழிய வேண்டும். எங்களோடு இருந்த ஃபின்லே, அலமாரியில் ஆலிவ் எண்ணெய் உறைந்து கட்டியானதைப் படம் பிடித்து அவன் அம்மாவுக்கு அனுப்பினான்.

எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. கோர் என்ற சிற்றூர்ப் பக்கத்தில் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடம் போகுமுன் உறைபனியில் நடந்து ஆடுகளுக்குத் தீனி போட்டவள். யாராவது குளிர்கிறது என்றால், "இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்பேன். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது ஆள் அகெனெட்டா. நெட்டா என்போம். ஃபிஜியில் லம்பாசாக்காரி, நில அளவைப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. முதல் வருஷம் விடுதியில் இருந்தாள். அங்கே ஹீட்டர் போட்டுச் சுவரெல்லாம் சூடு. எங்களோடு வந்து ஜூன் பிறந்ததும் அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடி சாப்பிட்டாள். நடையிலேயே பல் தேய்த்தாள். புத்தகத்தோடு கூடத்துக்கு வருவாள், இரண்டு பக்கம் படிப்பாள், எழுந்து சமையலறைக்குப் போவாள், கெட்டிலைத் தொட்டுப் பார்ப்பாள், திரும்ப வருவாள்.

"பேய் பிடிச்ச மாதிரி நடக்காத நெட்டா, எனக்குத் தலை சுத்துது" என்பான் ஃபின்லே.

"உக்காந்தா முழுசா உறைஞ்சிருவேன். நடந்தா பாதிதான் உறைவேன்."

"இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோடி" என்றேன் நான்.

"நாலு போட்டிருக்கேன் கிரீர். கையை மடக்க முடியல. பொணம் மாதிரி நடக்கறேன், பாரு."

நாங்கள் சிரித்தோம். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

ஜூன் நடுவிலிருந்து அவள் காலை எட்டரைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தாள். இருட்டிய பிறகுதான் திரும்புவாள். வகுப்பு இல்லாத நாளிலும் அப்படியே. யாரோ பையன் கிடைத்துவிட்டான் என்று ஃபின்லே முடிவு கட்டினான். "அவன் வீட்டுல ஹீட்டர் இருக்கா? இருந்தா அவனுக்கு அண்ணன் தம்பி இருக்கானான்னு எனக்காகக் கேளு" என்று கிண்டல் செய்தான். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலையில் இரண்டாம் பருவத்துக்கு வெளிநாட்டு மாணவர்கள் வந்து இறங்குவார்கள். பாவம், சரியாக நடுக் குளிரில். அவர்களுக்கு உதவ எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு தன்னார்வக் குழு. அந்த வருஷம் அதற்கு நான்தான் தலைவி. நூலக வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் பிடித்து அறிவுரை சொன்னேன். உள்ளே கம்பளி போடு, பருத்தி வேண்டாம். துணியை அறைக்குள் காயப் போடாதே, பூஞ்சை பிடிக்கும். தெரு பனியில் வழுக்கினால் காலுறையைக் கழற்றி ஷூவுக்கு மேலே மாட்டிக்கொள்.

"உள்ள போடுறத வெளிய போடச் சொல்றியா?" என்று பிரேசில்காரி லுவானா கேட்டாள். கடற்கரை ஊர்க்காரி. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"போட்டு அந்த ஏத்தத்துல நட. விழுந்தா வந்து என்னைத் திட்டு."

ஏறிப் பார்த்தாள். விழவில்லை. கீழே நின்ற பத்துப் பேரும் கைதட்டினார்கள். அன்று நான் ரொம்பப் பெருமையாக இருந்தேன். இந்த ஊரில் குளிரைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் இல்லை என்றே நினைப்பு.

அதே வாரம் ஒரு மதியம் கடற்கரைக்குப் பஸ் ஏறினேன். அங்கே கடல்நீரைச் சூடாக்கி விட்ட நீச்சல் குளம் உண்டு. புதியவர்களை ஜூலை முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப் போக நேரம் கேட்டு வரலாம் என்று. பஸ்ஸின் கடைசி இருக்கையில் நெட்டா உட்கார்ந்திருந்தாள். ஷூவைக் கழற்றிவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்த சூட்டுக் கம்பி மேல் பாதங்களை வைத்திருந்தாள். மடியில் பாடப்புத்தகம்.

கடற்கரையில் எல்லோரும் இறங்க எழுந்தோம். அவள் மட்டும் எழவில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "இன்னிக்கு இது நாலாவது ட்ரிப்பாம்மா?" என்றார்.

"மூணாவதுதான்" என்றாள் நெட்டா. அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

நான் குளத்துக்குப் போகவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பஸ் திரும்பியது.

"பையன் இல்லையா?" என்றேன்.

"பஸ்தான் என் பையன். ஆனா மேகம் மூடுன நேரத்துக்கு மட்டும்தான் இவன். வெயில் வந்தா இறங்கிருவேன்."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். பிரித்தால் நகரமே வந்தது. பென்சிலால் தெருக்கள், மேடுகள், கட்டட உயரங்கள். ஒவ்வோர் இடத்திலும் சின்ன எழுத்தில் நேரம். சலவைக் கடை வாசல் பெஞ்சு, பத்தேகால் முதல் பதினொன்று. நூலகத்தில் இரண்டாம் மாடி மூலை, ஒன்று பத்து முதல் இரண்டு இருபத்தைந்து. எந்த இடத்தில் காற்று அடிக்கும், எங்கே அடிக்காது என்றும் குறித்திருந்தாள். வகுப்பில் படித்த கணக்கை வைத்துச் சூரியனின் கோணம் போட்டு, பிறகு நேரில் போய் நின்று சரிபார்த்திருக்கிறாள். நடுவில் ஓர் இடத்துக்கு மட்டும் இரண்டு கோடு: மூடிக் கிடக்கும் பழைய மாவு மில்லின் பின்பக்கப் படிகள். பதினொன்று இருபது முதல் மூன்று வரை.

"செங்கல் சுவர். சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். முதுகை ஒட்டவச்சு உக்காந்தா கண்ணை மூடிட்டு எங்க ஊர்ல இருக்கலாம். அங்க மட்டும்தான் என்னால அசையாம உக்கார முடியுது."

"பிரமாதம்டி" என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

மறுநாள் காலை நோட்டு சமையலறை மேஜையில் கிடந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து, புதிய மாணவர் குழுவுக்கு அனுப்பினேன். அறுபது பேர். இதயக் குறிகள் கொட்டின. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியது என்று சொன்னால் பொய்.

மதியம் மில் பின்பக்கம் போனேன். படிகள் நிறைந்திருந்தன. இருபது இருபத்தைந்து பேர், காபி, கிதார். தெருமுனையில் நெட்டா நின்றிருந்தாள். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"யாரைக் கேட்டுக் குடுத்த?"

"எல்லாருக்கும் உதவுமேன்னு..."

"எல்லாருக்கும்! ஜூன் மாசம் பூரா உன் பக்கத்து ரூம்ல நடுங்கினேன். ஒரு நாள் உள்ள வந்து எட்டிப் பாத்தியா? ஸ்வெட்டர் போடு, ஸ்வெட்டர் போடு. ஊரான் வந்ததும் மேஜை போட்டு உக்காந்துட்ட. எனக்குன்னு ஊர்ல இருந்தது இந்த நாலு படி. அதையும் தூக்கிக் குடுத்துட்ட."

"நெட்டா, நான் அழிச்சிடறேன்."

"எதை அழிப்ப? அவங்க தலைக்குள்ள இருக்கறதையா?"

போய்விட்டாள். படியில் இருந்தவர்கள் எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் ஃபின்லேவைக் கேட்டாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டுரை எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். மேஜைக்குப் போனால் அறிவுரை வாயில் பாதியில் நின்றது. அவள் அறைக் கதவு திறந்திருந்த ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜன்னல் சட்டத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதில் பழைய காலுறைகளைத் திணித்து வைத்திருந்தாள். கட்டிலை ஒட்டிய சுவர் கறுத்துப் பூஞ்சை பூத்திருந்தது. என் அறை சமையலறைக்கு மேலே. அடுப்புச் சூடெல்லாம் எனக்குத்தான் வந்திருக்கிறது. ஏழு மாதத்தில் அந்த அறைக்குள் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி படிகளுக்குப் போனேன். நெட்டாவைத் தேடித்தான். லுவானாதான் இருந்தாள், போர்வைக்குள்.

"அவ போன வாரமே வந்தாளே" என்றாள். "வந்ததும் எங்களத் திட்டினா. ரெண்டே காலுக்கு இந்த ஓரத்துல நிழல் விழும், சளி இருக்கறவன் எல்லாம் மேல் படிக்கு ஏறுன்னு ஆளாளுக்கு இடம் மாத்தி உக்கார வச்சா. ஒருத்தன் முனகினான். கோணத்தை நீ கணக்குப் போடு, அப்புறம் பேசுன்னுட்டா. அப்புறம் எங்களோடவே சாப்பிட்டா. இப்ப நாங்க ரெண்டு பேரும் வீடு தேடறோம். ஒவ்வொரு வீட்டுலயும் திசை காட்டுற காம்பஸை எடுத்து வச்சு, வெயில் எந்தப் பக்கம் வரும்னு பாக்குறா. வாடகைத் தரகர் பயந்துபோயிட்டார்!"

எனக்கு அழுகை வந்தது. லுவானா போர்வையின் ஒரு முனையைத் தூக்கி என்மேல் போட்டாள்.

ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை நெட்டா வீடு மாறினாள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. காலையிலேயே எழுந்து வாசலில் நின்றேன். புது வீடு எதிர் மலைச்சரிவில். தெருவிலிருந்து தொண்ணூறு படி ஏற வேண்டும். மெத்தையின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை நான். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றோம்.

"உன் ரூம் சுவரப் பாத்தேன்" என்றேன். "முன்னாடியே பாத்திருக்கணும். நோட்டையும் கேட்டிருக்கணும். ரெண்டும் என் தப்பு."

அவள் மெத்தைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "ஆமா, ரெண்டும் உன் தப்புதான்."

"மன்னிப்பியா?"

"தெரியல. இப்ப தூக்கு, கை நழுவுது."

மேலே போனோம். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். மரத்தரை முழுக்க வெயில். லுவானா அடுப்பில் சீஸ் ரோல் சுட்டு, அரைவாசியைக் கருக்கியிருந்தாள். கருகாததையெல்லாம் ஃபின்லே எடுத்துக்கொண்டான். நெட்டா சப்பணமிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. காலைக்கூட ஆட்டவில்லை. லுவானா பாடினாள், நெட்டா அவளை நிறுத்தச் சொல்லி, தன் ஊர்ப் பாட்டு ஒன்றை உரக்கப் பாடினாள். கீழே தெருவில் போன ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை புதுப் பசங்களக் கூட்டிட்டுக் குளத்துக்குப் போறியா?"

"ஆமா. வர்றியா?"

"வரேன். ஆனா பஸ்ல ஜன்னல் சீட்டு எனக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ பக்கத்துல உக்காராத. இன்னும் கோவமா இருக்கேன்" என்றாள்.

சரி என்றேன். தொண்ணூறு படியும் இறங்கி, பள்ளத்தாக்கைக் கடந்து வீட்டுக்கு நடந்தேன். அடுத்த நாள் அவள் வந்தாள். முன் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் பின்னால் நின்றுகொண்டேன். குளத்தில் முதலில் குதித்தது அவள்தான்.