ஒன்றாம் வகுப்புக்கு ஊசி போட வந்தவர்

“நிஜப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க சார். அவங்களுக்கு நடத்திக் காட்டுங்க. நாங்க உக்காந்து பாக்கறோம்.”

தேவிப்பிரியா இதைச் சொன்ன நேரத்தில் அந்தக் கூடத்தில் இருந்த நாற்பது ஆசிரியைகளும் ஒரே ஒரு விளையாட்டு வாத்தியாரும் தவளைகளாக இருந்தார்கள். சேலையையோ துப்பட்டாவையோ இழுத்துச் செருகிக்கொண்டு, ஜமக்காளத்தின்மேல் குத்துக்காலிட்டு, ஆங்கிலப் பாட்டுக்குத் தக்கபடி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். விளையாட்டு வாத்தியார் முனிராஜ் மட்டும், அவள் கேட்டது காதில் விழாமல், இன்னும் இரண்டு குதி குதித்துவிட்டு நின்றார்.

பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை பானுமதி கண்ணை மூடிக்கொண்டார். காலையில்தான் தேவிப்பிரியாவைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். “எதை வேணும்னாலும் கேளும்மா. டெமோவுக்குப் பிள்ளைங்களை மட்டும் கேட்டுடாத. போன வருஷம் ஒரு ஸ்கூல்ல எவளோ கேட்டு வெச்சு, வந்த ஆளு சாப்பாட்டுக்குக்கூட நிக்காம காரேறிப் போயிட்டாரு.”

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் இருந்தது அந்தத் தனியார் பள்ளி. அதன் மாடிக் கூடத்தில்தான், சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கான மூன்று நாள் பயிற்சி. பாடப்புத்தகம் விற்கிற கம்பெனி ஒன்று, தன் புத்தகத்தை வாங்கும் ஆறு பள்ளிகளுக்குச் சேர்த்து ஏற்பாடு செய்திருந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த மாதவராஜ் சட்டைக் காலரில் குட்டி மைக் செருகியிருந்தார். இந்த மாதிரிப் பயிற்சிகளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வந்திருக்கும் டீச்சர்கள் பிள்ளைகளாகிவிட வேண்டும். அவர் ‘குட் மார்னிங் சில்ட்ரன்’ என்றால் இவர்கள் ‘குட் மா...ர்னிங் சா...ர்’ என்று இழுக்க வேண்டும். அவர் கேட்டதற்கு ஒருவர் மரியாதைக்காகத் தப்பாகச் சொல்ல, இன்னொருவர் சரியாகச் சொல்ல, எல்லாரும் கைதட்ட வேண்டும். மூன்று நாளாக எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. நடக்காமல் என்ன? பிள்ளைகள் எல்லாம் பி.எட். படித்தவர்கள்.

அதுதான் தேவிப்பிரியாவுக்கு எரிச்சல். ஆனால் அவள் வாயைத் திறந்ததற்குக் காரணம் எரிச்சல் மட்டுமல்ல. இன்று நாலு மணிக்குள் அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ‘ஆங்கில வகுப்பில் ஒரு சொல்லும் தமிழில் பேச மாட்டேன்’ என்ற உறுதிமொழித் தாள். எல்லாருக்கும் உண்டு. இவளுக்கு மட்டும் தனிக் குறிப்பு. ஒன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவில் தமிழ் பேசி இரண்டு முறை பிடிபட்டவள். கையெழுத்து இல்லையென்றால் திங்கட்கிழமை வேலை இல்லை.

ஆடு மேய்க்கிற அப்பா சென்னப்பன் வூட்டில் முதல் பட்டதாரி அவள். அவளும் இப்படி ஒரு பள்ளியில்தான் ஒன்றாம் வகுப்பு படித்தாள். வெளியே போக வேண்டும் என்பதை இங்கிலீஷில் கேட்கத் தெரியாமல், தமிழில் கேட்கவும் பயந்து, பெஞ்சிலேயே போய்விட்டாள். அந்த ஈரம் காய்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கோபம் இன்னும் காயவில்லை.

“பிள்ளைங்க எங்க இருக்காங்க?” என்று கேட்டார் மாதவராஜ்.

“கீழதான் சார். என் கிளாஸ். நாங்க அல்லாரும் இங்க தவளையா இருக்கறதால, அங்க இருபத்தெட்டுப் பிள்ளைங்க காலையிலேர்ந்து மாம்பழம் வரைஞ்சிட்டிருக்காங்க.”

பக்கத்தில் இருந்த யு.கே.ஜி. டீச்சர் தெரசா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். “அடியே, மானத்த வாங்காத.”

மாதவராஜ் காரேறிப் போகவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், பானுமதியைப் பார்த்தார். “கூப்பிடுங்க. நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி வந்தார்கள். கடைசிப் பெட்டி காவியா. வத்தல்மலையிலிருந்து வந்து சித்தி வூட்டில் தங்கிப் படிக்கிற பெண். ஜூன் மாதம் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசியதில்லை. “இது தேறாது” என்று பானுமதி சொல்லிவிட்டிருந்தார். ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். டீச்சர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

மாதவராஜ் முழுக்கை வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக முன்னால் வந்தார். கையில் நீலப் பெட்டி. அதற்குள் கைப்பொம்மைகள் இருந்தன. ஆனால் அது அவருக்கும் டீச்சர்களுக்கும்தான் தெரியும். பெட்டியை மேசைமேல் வைத்தார். இனிப்பாகச் சிரித்தார். “டோன்ட் பி அஃப்ரெய்ட்” என்றார். பிறகு ‘சட்டைக் கையை மடி’ என்று தொடங்கும் இங்கிலீஷ் பாட்டுக்கு ஏற்ப, தன் சட்டைக் கையை முழங்கைக்குமேல் மடித்துவிட்டு, எல்லாரையும் அதேபோல மடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

பிள்ளைகள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். தேவிப்பிரியாவுக்கு விஷயம் புரிந்தபோது நேரம் கடந்துவிட்டது.

பயிற்சி தொடங்குவதற்கு முந்தின நாள், புதன்கிழமைதான் இதே கூடத்தில் தடுப்பூசி முகாம் நடந்தது. அப்போதும் வெள்ளை உடுப்பு. அப்போதும் நீலப் பெட்டி. அந்த நர்சம்மாவும் இப்படித்தான் இனிப்பாகச் சிரித்தார்.

முதலில் ஒரு பிள்ளை விசும்பியது. அடுத்த நொடியே கூட்டமே சேர்ந்துகொண்டது. இரண்டு பேர் மேசைக்கடியில் புகுந்தார்கள். ஒருவன் மட்டும் வீரன். கண்ணை இறுக்க மூடி, முகத்தைத் திருப்பி, கையை நீட்டிக்கொண்டு நின்றான். மாதவராஜ் பதறி, இன்னும் அழகான இங்கிலீஷில் இன்னும் இனிப்பாக ஏதோ சொன்னார். அழுகை இன்னும் ஒரு சுற்று ஏறியது.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு காவியா வந்தாள். சட்டைக் கையை ஏற்றி, ஊசி போட்ட இடத்தை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

“நோ சார்! ஃபினிஷ்டு சார்! வெனஸ்டே ஃபினிஷ்டு!”

சுவரோரம் நின்ற நாற்பது பேரும் வாயைப் பிளந்தார்கள். தேவிப்பிரியா பானுமதியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முன்னால் வந்து, கூட்டத்துக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“கண்ணுங்களா, ஊசி இல்ல. சாரு பொம்மை கொண்டாந்திருக்காரு. நம்பலன்னா பொட்டியத் தொறந்து நீங்களே பாத்துக்கங்க.”

தமிழில்தான் சொன்னாள். மைக் வேண்டியிருக்கவில்லை. பெட்டி திறந்தது. குரங்கும் முயலும் வெளியே வந்தன. அழுகை வந்த வேகத்திலேயே போயிற்று. மேசைக்கடியில் இருந்தவர்கள்கூட வந்துவிட்டார்கள்.

காவியாவுக்கு மட்டும் கணக்கு தீரவில்லை. பலகைமேல் இருந்த மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டாள். “சார், கம். சிட். ஷோ ஹேண்ட்.”

மாதவராஜ் உட்கார்ந்தார். கையைக் காட்டினார்.

“டோன்ட் க்ரை. குட் பாய். ஃபினிஷ்டு!”

எல்லாம் தேவிப்பிரியா தினம் பத்துத் தடவை வகுப்பில் சொல்கிற வார்த்தைகள். ஐந்து மாதமாக ஒன்றையும் சிந்தாமல் சேர்த்து வைத்திருந்திருக்கிறது அந்தப் பிள்ளை. மாதவராஜ் “ஆ!” என்று அலறினார். அவ்வளவுதான். இருபத்தெட்டு டாக்டர்கள் வரிசை கட்டினார்கள். “நெக்ஸ்ட்!” என்றது ஒன்று. “ஸ்மால் பெயின் ஒன்லி!” என்றது இன்னொன்று. முனிராஜ் வாத்தியார் தானாகப் போய் இரண்டு கையையும் நீட்டி நின்றார். அரை மணிநேரம் கூடத்தில் இங்கிலீஷ் தவிர வேறு பேச்சே இல்லை.

பிள்ளைகள் இறங்கிப் போனதும், மாதவராஜ் கை முழுக்கப் பச்சைப் புள்ளிகளோடு நாற்காலியில் சாய்ந்தார்.

“பதினோரு வருஷமா இந்தப் பாட்டை நடத்தறேன்ங்க. ஒருத்தர்கூட அழுததில்ல. இப்பதான் தெரியுது, எல்லாரும் சம்பளம் வாங்கறவங்க.”

கூடமே சிரித்தது. பானுமதி சிரிக்கவில்லை. தாள்கட்டோடு வந்தார்.

“கலாட்டா முடிஞ்சுதா? தமிழ்ல பேசறதுக்கா பேரன்ட்ஸ் இங்க கொண்டாந்து சேக்கறாங்க? எதுத்த ஸ்கூலுக்குப் பத்துப் பிள்ளைங்க போயிட்டா நீ வந்து பதில் சொல்லுவியா? கையெழுத்து போடும்மா.”

தெரசா அவள் காதோரம் குனிந்தாள். “போட்டுட்டு வாடி. கிளாஸ்ல உன் இஷ்டத்துக்குப் பேசிக்க. நான் எட்டு வருசமா அதத்தான் பண்றேன்.”

“நீங்க கதவைச் சாத்திட்டுப் பேசறீங்கக்கா. எனக்குத் தொறந்து வெச்சிட்டுப் பேசணும்.”

தாளை வாங்கினாள். படித்துப் பார்க்கவில்லை. ‘வெனஸ்டே ஃபினிஷ்டு’ என்று அந்தப் பிள்ளை கத்தியபோதே இவளுக்கும் இது முடிந்துபோயிருந்தது. இரண்டாக மடித்து, பானுமதியின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“போட மாட்டேன் மேடம். திங்கக்கிழமை வருவேன், தமிழ்லயும் பேசுவேன், இங்கிலீஷும் சொல்லித் தருவேன். என்னை நிறுத்தறதுன்னா நிறுத்துங்க. காவியா சித்தியை எதுர்ல நிக்க வெச்சிட்டு நிறுத்துங்க.”

“தேவிப்பிரியா! நாலு மணி வரைக்கும் டிரெய்னிங் இருக்குது!”

“எனக்குக் கிளாஸ் இருக்குதுங்க மேடம்.”

வாசலில் நாற்பது ஜோடிச் செருப்புக்கு நடுவே தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டாள். மாடிப்படித் திருப்பத்தில், கீழே போன ரயிலிலிருந்து கழன்று வந்த கடைசிப் பெட்டி, கையில் மார்க்கர் பேனாவோடு காத்திருந்தது.

“மிஸ், ஷோ ஹேண்ட்!”

தேவிப்பிரியா சுடிதார்க் கையை மடித்துவிட்டபடியே படியிறங்கினாள்.