வாஹ் சொல்ல இடமில்லாத கவிதை

அன்று மழை பெய்ததா என்பது சாயிமாவுக்கு இப்போது நிச்சயமில்லை. கவிதையின் வரிகளையும் மாற்றித்தான் சொல்கிறாளோ என்னவோ. அந்த அமைதி மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

யாங்கோனில் உருதுக் கவிதை எழுதுகிறவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் கூடுவார்கள். முன்கூட்டியே ஓர் அடி கொடுத்துவிடுவார்கள். அதன் இறுதிச் சொல்லை வைத்தே எல்லாரும் கஜல் எழுதி வர வேண்டும். படிப்பவர் அந்தச் சொல்லை நெருங்கும்போதே சபை முந்திக்கொண்டு சொல்லிவிடும். பிறகு வாஹ், வாஹ் என்று கூரை அதிரும்.

அவள் கணவன் ஜுல்ஃபிகர் குடைக்கடை வைத்திருந்தான். மதரசாவில் உருது படித்தவன். அவன் எழுதியது நஸ்ம். இயைபும் இல்லை, இறுதிச் சொல்லும் இல்லை, பேச்சுபோல ஓடும். இருமுறை பாதியிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

“இன்னைக்கும் முழுசாக் கேக்கலேன்னா இனிமே எழுத மாட்டேன்” என்று அன்று கூட்டத்துக்குப் போகும்போது பேருந்தில் சொன்னான். அவன் சொன்னால் சொன்னதுதான்.

சபையில் எழுந்து படிக்கத் தொடங்கினான். தொழிற்சாலைகள் நிறைந்த லைங் தாயாவுக்குப் போகும் விடியற்காலைப் பேருந்து, அதில் நின்றபடியே தூங்கும் பெண்கள். வரி முடிந்தது. சபை காத்திருந்தது. பையன் மறந்துவிட்டான் என்றெண்ணி, தலைமை வகித்த பர்கத்துல்லா பரிவோடு அந்த இறுதிச் சொல்லை எடுத்துக்கொடுத்தார்.

“மறக்கலெ சாச்சா. இது இப்படித்தான்.”

குடைக்குக் கம்பி வைக்க மறந்துவிட்டார் என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. ஜுல்ஃபிகர் தாளை மடிக்கப்போனான்.

“படிங்க” என்றாள் சாயிமா, பெண்கள் பக்கத்திலிருந்து. அவள் சபையில் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

படித்தான். அவளுக்குத் தெரிந்த கொஞ்ச உருதுக்கே அது விளங்கியது. நாங்கள் தைத்த சட்டைகளுக்குள், பெயர் தெரியாத ஊர்களில், யாரோ மூச்சு விடுகிறார்கள் என்றது ஒரு வரி. பதினொரு வருடமாகத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள் அவள். தன் கை அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பர்கத்துல்லா மறுபடி எடுத்துக்கொடுக்க வாய் திறந்தார். மூடிக்கொண்டார்.

கவிதை முடிந்தது. ஒருவரும் அசையவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தார்கள்.

“எந்த இடத்துல வாஹ் சொல்றதுன்னு தெரியலெ தம்பி” என்றார் பர்கத்துல்லா மெதுவாக. “இன்னொரு தரம் படி.”

ஜுல்ஃபிகர் எழுதுவதை விடவில்லை. கடை மட்டும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தன்லியினுக்கு மாறிவிட்டது. பர்கத்துல்லா கடைசிவரை கஜல்தான் எழுதினார். போன ரமலானில் மௌத்தாகிவிட்டார். அந்தக் கூட்டம் இப்போது நடப்பதில்லை. சாயிமா இன்னும் காலர் தைக்கிறாள்.