தெத்துப்பல் குடும்பத்தின் வீடு

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், குடும்பம் மொத்தமும் பாகப்பிரிவினை வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போயிருந்த நேரத்தில், அந்த வீடு எழுந்து போய்விட்டது. மாடியோடும் அஸ்திவாரத்தோடும் போனது. பார்த்தவர்கள் இருந்தார்கள். அவசரப்படவில்லை என்றும், தெருமுனையில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டது என்றும் சொன்னார்கள். காரணமும் ஊருக்குத் தெரியும். மூன்று அண்ணன் தம்பிகள் தரையில் சாக்கட்டியால் கோடு கிழித்துக்கொண்டு வாழ்ந்த வீடு அது. ஒரு கோடு சமையலறைக்குள் புகுந்து அடுப்பை இரண்டாக்கியது. மாடிப்படியில் ஒற்றைப்படைப் படிகள் மூத்தவருக்கு, இரட்டைப்படைப் படிகள் நடுவிலவருக்கு என்று முடிவானது. கடைசித் தம்பிக்குக் கைப்பிடிச் சுவர் மட்டும் மிஞ்ச, அவர் அதன்மேல் தவழ்ந்தே மாடிக்குப் போய்வந்தார். இதில் அவர்கள் யாருக்கும் வெட்கம் இல்லை. வீட்டுக்கு இருந்தது.

கோர்ட்டிலிருந்து திரும்பியவர்கள் வெறும் குழியைப் பார்த்துவிட்டு, மற்றவன்தான் வீட்டை ஒளித்துவைத்திருக்கிறான் என்று ஆளுக்கொரு புது வழக்குப் போட்டார்கள். அதுவும் இழுத்து ஓய்ந்தபின் மூன்று ஊர்களுக்குப் பிரிந்தார்கள். பிள்ளைகளிடம் ஒருவர் வீடு தீயில் போனது என்றார், ஒருவர் வெள்ளத்தில் என்றார், ஒருவர் அரசாங்கம் எடுத்துக்கொண்டது என்றார். தங்களைச் சகிக்க முடியாமல் வீடே எழுந்து போனது என்று மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

மூத்தவரின் பேரன் பல் டாக்டரானான். எதிர்த்தெருவில் இருந்த இன்னொரு பல் டாக்டர் தன் பூர்வீக மாளிகையின் படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டும்வரை இவனுக்குப் பூர்வீகம் என்ற ஒன்று நினைவிலேயே இல்லை. மாட்டிய நாளிலிருந்து தூக்கம் போனது. வம்சத்தைத் தேட ஆரம்பித்தான். சொந்தக்காரர்களைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரே ஒரு அடையாளம்தான் இருந்தது, ஆனால் அது போதுமானது. அந்தக் குடும்பத்தில் பிறந்த எல்லோருக்கும் மேல்வரிசை இடப்பக்கம் ஒரு பல் அடுத்த பல்லின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். வாய்க்குள்கூடப் பக்கத்தில் இருப்பதற்கு இடம் விடாத வம்சம். கல்யாண மண்டபங்களிலும் ரயில்களிலும் சிரிக்கிறவர்களையெல்லாம் உற்றுப் பார்த்தான். சந்தேகம் வந்தால் வாயைத் திறக்கச் சொன்னான். டாக்டர் என்பதால் திறந்தார்கள். கிடைத்தவர்களை மருத்துவமனைச் சுவரில் கிளை கிளையாக வரைந்தான். தன் கூடப்பிறந்த அக்கா வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சுவிட்ச்போர்டைப் பொருத்தினான். அவள் ஒரு லாரி மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு போனவள். போகச் சொன்னவர் அப்பா; பெட்டியைத் தெருவில் வைத்தவன் இவன். மெக்கானிக் இறந்துபோன செய்தி வந்தபோதும் இவன் போகவில்லை.

பற்கள் அவனை ஒரு முதியோர் இல்லம்வரை கொண்டுபோய்விட்டன. அங்கே கடைசித் தம்பியின் மகள் இருந்தாள். அத்தை முறை. வீடு இருக்கும் ஊரையும், அது பஸ் டிப்போவுக்குப் பின்னால் நிற்பதையும் அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"எங்கப்பா போய்ப் பாத்துட்டு வந்தாருப்பா. அது உள்ள விடல. சாகுறவரைக்கும் அதையே திட்டிக்கிட்டு இருந்தாரு."

அவன் அடுத்த பஸ்ஸைப் பிடித்தான். வீடு அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. ஒரு காலி மனையில் வந்து நின்றதும், தெருக்காரர்கள் சுற்றிக் கூட்டிப் பெருக்கி ஒரு கதவு எண்ணும் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு பஸ் டிரைவர் குடும்பம் குடியிருந்தது. டாக்டர் வாசலில் நின்று, தான் இன்னாருடைய பேரன், இன்னாருடைய கொள்ளுப்பேரன் என்று உரக்கச் சொல்ல, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஜன்னல் தானாக மூடிக்கொண்டது. படியில் காலை வைத்தான். படி உள்ளே இழுத்துக்கொண்டது. டிரைவரின் மனைவி பின்பக்கமிருந்து சுற்றிக்கொண்டு வந்தாள்.

"உங்க ஜாடையில போன வருஷமும் ஒருத்தர் வந்து கத்திட்டுப் போனாரு சார். வீடு அதே மாதிரிதான் பண்ணுச்சு."

மானம் உள்ளவன் அத்தோடு திரும்பியிருப்பான். இவன் வக்கீலைப் பார்த்தான். வாரிசுகள் எல்லோரும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் உரிமை கோரலாம் என்று வக்கீல் சொல்ல, சுவரில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டான். சுவிட்ச்போர்டுக்கு அடியில் இருந்தவளையும் கூப்பிட வேண்டியதாயிற்று. அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் வேலையில் இருந்தாள். எப்படி இருக்கிறாய் என்று அவன் போனில் கேட்கவில்லை. வேலை முடிந்து வருவதாக அவள் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை தெத்துப்பற்கள் மொத்தமும் அந்த வாசலில் கூடின. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, ரத்தம் விடுமா என்று கண்ணீர் விட்டார்கள். கண்ணீர் காய்வதற்குள் ஒரு சித்தப்பா அளவு நாடாவை எடுத்தார். மாடி தனக்கு என்றார் ஒருவர். மாடியை எடுத்தால் மொட்டைமாடி தங்களுக்கு என்றார்கள் நடுவிலவர் வழியினர். டாக்டர் சட்டையை ஒரு பெரியப்பா மகன் பிடித்தான். அப்போது வீடு லேசாக ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு நின்ற இடத்திலேயே, உள்ளே கொதித்துக்கொண்டிருந்த பால்கூடத் தளும்பாமல், மெதுவாகத் திரும்பி அவர்களுக்கு முதுகைக் காட்டியது. கதவோ ஜன்னலோ இல்லாத முதுகு.

அக்கா பஸ் நிலையத்திலிருந்து பின்தெரு வழியாக வந்தாள். அதனால் வாசல் அவளுக்கு எதிரே இருந்தது. கதவும் திறந்திருந்தது. அவள் வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டாள். டிரைவரின் மனைவி சொம்பை நீட்டினாள்.

"நீங்களும் அந்தக் குடும்பமா?"

"இருந்தேன். வெளிய போகச் சொன்னாங்க, வந்துட்டேன்."

"இந்த வீடு அவங்க சொல்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சு."

அக்கா சிரித்தாள். பல் மேலே ஏறித்தான் இருந்தது. வீடு அதைப் பொருட்படுத்தவில்லை. அவள் காலை வைக்கப் படியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கொடுத்தது. மாடி அறை காலியாக இருந்தது. அன்று அவள் ஊருக்குத் திரும்பவில்லை. அந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் விரிப்புகள் அழுக்காகத்தான் செய்தன, வேலை கிடைத்தது. அன்றே டாக்டர் பின்தெருவுக்குச் சுற்றிக்கொண்டு வந்து மாடி ஜன்னலுக்குக் கீழே நின்று, கையெழுத்தையாவது போட்டுவிட்டுப் போ என்று கத்தினான். அவள் எட்டிப் பார்த்தாள்.

"கதவு திறந்தா மேல வாடா தம்பி. போடுறேன்."

கதவு திறக்கவில்லை. அவன் இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறான். எந்தத் தெருவில் வந்து நின்றாலும் வீடு அவனுக்கு முதுகைத் திருப்பிக்கொள்கிறது. தபால்காரர் இரண்டு தெருவிலும் எட்டிப் பார்த்து, வாசல் இருக்கும் பக்கம் கடிதத்தைப் போடுகிறார். வீடு திரும்பி வாசல் வெயில் நகர்ந்து, மொட்டைமாடியில் காயும் துணிகள்மேல் திடீரென்று நிழல் விழுந்தால், டிரைவரின் மனைவி கீழே இருந்தபடி, "அக்கா, உங்க தம்பி வந்திருக்கார் போல" என்கிறாள். அக்கா மேலே போய், துணிகளை எடுத்து வெயில் பக்கம் மாற்றிப் போடுகிறாள்.