கல்லு மச்சான்

மணவாளனின் படகில் பலகை கிடையாது. மூங்கில் பிளாச்சுகளை வளைத்து, மீனின் முள்ளெலும்பு மாதிரி நீளமாக ஒரு கூடு கட்டி, அதன்மேல் தார்ப்பாயை இழுத்துத் தைத்திருந்தது. இரண்டு முனையும் கூராக இருக்கும். நடுவில் இரண்டு குழிகள். முன்குழியில் ஒருவர், பின்குழியில் ஒருவர் காலை நீட்டி உட்கார வேண்டும். துடுப்பின் இரு முனையிலும் இலை உண்டு. வலப்பக்கம் ஒரு போடு, இடப்பக்கம் ஒரு போடு என்று மாற்றி மாற்றிப் போட்டால் செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர்ப்பாம்பு மாதிரி சத்தமில்லாமல் போகும்.

அதைக் கொண்டுவந்தவன் ஆவடி ராணுவ முகாமில் இருந்த ஒரு வெள்ளைக்கார சார்ஜென்ட். உலகச் சண்டை நடந்த வருஷங்கள் அவை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கு வந்து தனியாக ஓட்டிக்கொண்டிருந்தான். மாற்றலாகிப் போகும்போது, சட்டம் உடைந்து துணி கிழிந்து கிடந்த படகைத் தன் பட்டறையில் ஃபிட்டராக இருந்த மணவாளனிடம் கொடுத்துவிட்டுப் போனான். உடைந்த மரத்துக்குப் பதில் மூங்கில் வைத்துக் கட்டியது மணவாளன். துணியைத் தைத்தது வேம்புலி.

வேம்புலி பட்டாபிராம் ராணுவ ரயில் சைடிங்கில் மூட்டை இறக்குகிறவன். கோணி தைத்துப் பழகிய கை. தார்ப்பாயில் ஊசி போன ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் பருத்தி நூலாகப் பார்த்து எடுத்தான். பருத்தி நனைந்தால் உப்பித் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். பெயின்ட் கலக்குகிற எண்ணெயைக் காய்ச்சி மேலே தடவியதும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

இரண்டு பேரும் ஒரே ஊர். மணவாளன் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த பரந்தாமனின் மகன். வேம்புலி சேரியில் பொன்னியம்மாவின் மகன். பிறந்ததிலிருந்து ஒரே ஏரித் தண்ணீரைக் குடித்தவர்கள், முதன்முதலாகப் பேசிக்கொண்டது பட்டாபிராமில், ஒரு லாரிக்கு அடியில், ஒரு ஸ்பானரைக் கை மாற்றியபோது.

இப்போது கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு பேருக்கான படகில் ஒருவர் மட்டும் பின்குழியில் உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கும், முன்முனை தண்ணீரை விட்டு மேலே தூக்கும். தூக்கிய முனையைக் காற்று விடாது. கதவின் ஓரத்தை ஒரு விரலால் தள்ளினாலே முழுக் கதவும் திரும்புகிறது அல்லவா, அதே மாதிரி முனையில் படுகிற சின்னக் காற்றுகூடப் படகையே திருப்பிவிடும். அதற்காக மணவாளன் படித்துறையிலிருந்து கிளம்பும்போது முன்குழியில் ஓர் ஆள் கனத்துக்குக் கருங்கற்களை அடுக்கிக்கொள்வான்.

படித்துறையில் எருமை கழுவிக்கொண்டிருக்கும் ஆனந்தனுக்கு அது ஒவ்வொரு முறையும் வேடிக்கை.

"இன்னாடா மணவாளா, கல்லுக்கு ஏரி சுத்திக் காட்டறியா?"

"முன்னால கனம் இல்லேன்னா காத்து திருப்பிடும் ஆனந்தண்ணே."

"கட்டிக்கினு போறதுதான் போற, ஒரு பொண்ணைக் கட்டிக்கினு போகக் கூடாதா? பொண்ணு ஊடு போற மாப்பிள்ளையாட்டம் முன்னால மச்சானைக் குந்த வெச்சுகினு போறான் பாரு!"

அதிலிருந்து அந்தக் கற்களுக்குக் கல்லு மச்சான் என்று பேராகிவிட்டது. "கல்லு மச்சான் சௌக்கியமா?" என்று துணி துவைக்கிற பெண்கள்கூடக் கேட்பார்கள்.

ஆனால் கல்லு மச்சானின் பயணம் நாணல் வரைக்கும்தான். கரை தெற்கே வளைகிற இடத்தில் ஆளுயரத்துக்கு நாணல் மண்டியிருந்தது. வேம்புலி நீர்ப்பிடிப்பின் ஓரமாகவே நடந்து வந்து அங்கே காத்திருப்பான். ஊர்ப் படித்துறையில் சேரிக்காரர்கள் கால் வைக்க முடியாது. பரந்தாமன் மகனோடு ஒரே படகில் உட்கார்வது அதற்கும் மேல். ஆகவே நாணல் மறைவில் கற்கள் இறங்கும், வேம்புலி ஏறுவான். திரும்பி வரும்போது வேம்புலி இறங்குவான், கற்கள் ஏறும். கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு மணவாளன் எப்போதும் தனியாகத்தான் போனான், தனியாகத்தான் வந்தான்.

நாணலைத் தாண்டும்வரை வேம்புலிக்கு அவன் "சின்னாண்டே", சின்ன எஜமான். தாண்டினதும் பேச்சு மாறிவிடும்.

"மாமே, குனிஞ்சு ஓட்றா. நான் போட்ற போடுக்கு நீ பின்னால வா."

ஏரியின் மேற்கில் ஒரு மண்திட்டு இருந்தது. வேலமரங்கள், நடுவில் நல்ல மணல். லீவு நாளில் அங்கே போய் மீன் பிடித்து, சமைத்து, ராத் தங்கி, மறுநாள் திரும்புவார்கள்.

அந்த வருஷம் ஆடியில், சம்பளம் கூட வரும் என்று வேம்புலி ராணுவத் தொழிலாளர் படையில் சேர்ந்து ரோடு போட அஸ்ஸாமுக்குப் போனான். ஐப்பசியில் சேதி வந்தது. காய்ச்சல். அங்கேயே புதைத்துவிட்டார்களாம்.

சேரியில் எழுந்த ஒப்பாரி ஏரிக்கரை தாண்டி ஊருக்கும் கேட்டது. பரந்தாமன் சாப்பிட்டுக்கொண்டே, "யாரோ பொன்னியம்மா மவனாம், பாவம்" என்றார். மணவாளன் எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். யாரோ ஒருவனுக்காக ஒருத்தன் எவ்வளவு அழலாமோ அவ்வளவுகூட அவனால் அழ முடியவில்லை. அழுதால் ஏன் என்று கேட்பார்கள்.

சில நாள் கழித்து, வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது பொன்னியம்மா சாலையோரம் நின்றிருந்தாள்.

"சின்னாண்டே, கொஞ்சம் நில்லு."

அவன் இறங்கினான்.

"எம்புள்ள உன்கூடப் படுத்துக் கெடந்தானே, அந்தத் திட்டு எங்க கீது?"

மணவாளன் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தான். "அது... உனக்கு எப்படி..."

"அவன்தான் சொன்னான். என்கிட்ட மட்டுந்தான். வேற யாருக்கும் தெரியாது, நீ பயப்படாத."

அந்தப் பயப்படாதேயைக் கேட்டதும் அவன் தலை குனிந்தான்.

"எங்கயோ பொதச்சாங்க," என்றாள். "ஒரு துணிகூட வரல. கருமாதிக்குக் கையில இன்னாத்த வெச்சுகினு நிப்பேன்? அவன் படுத்த மண்ணு ஒரு புடி வேணும்."

"நான் எடுத்துகினு வந்து தரேம்மா."

"நீ எடுத்துகினு வந்தா அது ஏரி மண்ணு. அவன் படுத்த எடத்த நான் தொட்டுப் பாக்கணும். நாணலாண்ட வந்து நிக்கறேன், யாரும் பாக்க மாட்டாங்க."

அங்கேதான் சிக்கல். ஏரி என்பது ஒரு பக்கம் கரையும் மூன்று பக்கம் சரிவுமாக இருக்கிற பெரிய தாம்பாளம். கரைப்பக்கம் தண்ணீர் ஒரு முழம் ஏறினால், சரிவான பக்கத்தில் வெகுதூரத்துக்குப் பரவிவிடும். அந்த மழையில் ஏரி ஏறக்குறைய நிரம்பியிருந்தது. வேம்புலி நடந்து வந்த ஓரப்பாதை அடியில் போய்விட்டது. நாணலின் நுனிகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. படகில் ஏற மிஞ்சியிருந்தது ஊர்ப் படித்துறை ஒன்றுதான்.

அவன் சொல்லக் கேட்டு, "அப்போ தண்ணி வத்தட்டும். மாசி ஆவட்டும்," என்றாள் அவள்.

அடுத்த மழையில் திட்டு முழுகிவிடும், மாசியில்தான் மறுபடி வெளியே வரும். ஆனால் கலங்கி வருகிற வெள்ளம் வண்டலைச் சுமந்து வரும், நின்ற இடத்தில் அதைக் கீழே படியவிடும். தண்ணீர் வற்றும்போது திட்டின்மேல் புதிதாக ஒரு தோல் போர்த்தியிருக்கும். வேம்புலி படுத்த மணல் அதற்குக் கீழே போய்விடும். அந்த மழை எந்த நாளும் வரலாம் என்பது மணவாளனுக்குத் தெரியும்.

"நாளைக்குக் காலையில படித்துறைக்கு வந்துடு."

"உங்க படித்துறைக்கா?"

"ஆமா."

மறுநாள் காலை படித்துறையில் கூட்டம். மணவாளன் படகை இறக்கினான். பழக்கத்தில் கை தானாகக் கற்களை எடுத்து முன்குழியில் அடுக்கிவிட்டது.

"கல்லு மச்சான் ஏறிக்கினாரா?" என்றான் ஆனந்தன், எருமை முதுகைத் தேய்த்துக்கொண்டே. "ரொம்ப நாளா ஆளைக் காணோமே!"

அப்போது பொன்னியம்மா கரைமேல் வந்து, ஒரு பனைமரத்தை ஒட்டி நின்றாள். அவளாக இறங்கவில்லை. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். துணி அடிக்கிற சத்தம் நின்றது. அவன் இப்போது துடுப்பை ஊன்றி ஒரு தள்ளு தள்ளினால் போதும், படகு நகர்ந்துவிடும். அவள் பேசாமல் திரும்பிப் போய்விடுவாள். யாரிடமும் சொல்ல மாட்டாள்.

மணவாளன் குனிந்து ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டான். பிறகு இன்னொன்று, முன்குழி காலியாகும்வரை.

"டேய், மச்சானை இன்னாத்துக்குடா தண்ணில தள்ற? சண்டையா?"

"மச்சான் செத்துட்டான்," என்றான் மணவாளன். "அஸ்ஸாமுல. வேம்புலின்னு பேரு. இத்தினி நாளா அந்த எடத்துல குந்திகினு வந்தவன் அவன்தான். இவங்க அவன் அம்மா." கரையைப் பார்த்துக் கையை நீட்டினான். "வாம்மா. ஏறு."

ஆனந்தனின் கை எருமைமேலேயே நின்றுவிட்டது. பொன்னியம்மா படியிறங்கினாள். பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

துணிப் படகில் ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நடுவில் ஓடும் மூங்கில்மேல்தான் காலை வைக்க வேண்டும். தவறி வைத்தால் தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு கால் கீழே போகும். மணவாளன் அதைச் சொல்லி, எல்லோரும் பார்க்க அவள் கையைப் பிடித்து இறக்கி உட்கார வைத்தான். பின்னால் அவன் ஏறினதும் முன்முனை லேசாகத் தூக்கியது.

"இன்னா தூக்குது?"

"கனம் பத்தலம்மா."

"அவன் கனம் எனக்கு ஏது?" என்றாள் அவள். "ஒரு கல்லு குடு." படியோரம் கிடந்த ஒன்றை அவன் எடுத்துத் தர, மடியில் வைத்துக்கொண்டாள். முனை தண்ணீரில் படிந்தது.

கரை தூரமான பிறகுதான் அவள் பேசினாள். "இதுலதான் குந்துவானா?"

"ஆமாம்மா. முன்னால குந்தறவன்தான் வேகத்தை முடிவு பண்ணணும். பின்னால இருக்கறவனுக்கு முன்னால இருக்கறவன் முதுகு தெரியும், முன்னால இருக்கறவனுக்குப் பின்னால நடக்கறது தெரியாது. அதனால அவன் போட்ற மாதிரியே நான் போடணும்."

"எம்புள்ள முன்னால, ஆண்ட பின்னாலயா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

திட்டில் மிச்சமிருந்தது ஒரு வீட்டு வாசல் அளவு மணல். வேலமரங்கள் தண்ணீரில் நின்றன. கறுத்த அடுப்புக் கற்கள் மூன்றும் அப்படியே இருந்தன. பக்கத்தில் ஒரு மண்சட்டி கவிழ்ந்திருந்தது. பொன்னியம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். சுற்றிலும் தேடினாள்.

"ஒரே சட்டிதானா?"

"ஒன்னுதான்."

"நீ எதுல துன்ன?"

"அதுலதான். அவன்தான் ஆக்குவான். உப்பு எப்பவும் ஜாஸ்தி."

"ஊட்லயும் அப்டித்தான்," என்றாள். "திட்டிக்கினே இருப்பேன்."

மணலில் படுக்கிறவர்கள் இடுப்புக்கு ஒரு பள்ளம் பறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உடம்பின் கனம் முழுவதும் இடுப்பெலும்பில் நின்று காலையில் எழுந்திருக்க முடியாது. கடைசியாக வந்தபோது பறித்த இரண்டு பள்ளங்கள், பாதி தூர்ந்து, அருகருகே இருந்தன. ஒன்றின் விளிம்பைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

"எது அவனுது?"

மணவாளன் தண்ணீர் தொட்ட பள்ளத்தைக் காட்டினான். அவள் மண்டியிட்டு, குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல் உள்ளங்கையை அதில் வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு ஒரு பிடி மணலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மணவாளன் பக்கத்துப் பள்ளத்தில் உட்கார்ந்து, சேதி வந்த நாளிலிருந்து முதல் முறையாக, சத்தம் போட்டு அழுதான். அவள் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது வாடைக்காற்று எதிரே வந்தது. கரைமேல் வெள்ளை வேட்டிகள் வரிசையாகத் தெரிந்தன. நடுவில் உயரமாக நிற்பது பரந்தாமன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் நிற்கிற விதம் மணவாளனுக்கு எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும்.

"சின்னாண்டே," என்றாள் பொன்னியம்மா. "என்ன நாணலாண்ட எறக்கி உடு. கழுத்தளவு தண்ணியா இருந்தாலும் நான் போயிடுவேன். நீ கல்ல வெச்சுகினு போயிடு. புத்தி கெட்டுச் செஞ்சுட்டேன்னு சொன்னா உங்க நைனா உட்டுடுவாரு."

"கல்லு ஏதும்மா? படித்துறையிலயே தூக்கிப் போட்டுட்டேனே."

அவள் மடியில் இருந்த ஒற்றைக் கல்லைப் பார்த்தாள்.

அதுதான் அந்தப் படகின் கடைசி ஓட்டம். அன்று பொழுது சாய்வதற்குள் வேம்புலி தைத்த தையல்கள் எல்லாம் அரிவாளால் கிழிபடப் போகின்றன. மணவாளன் ஊரைவிட்டுப் போய் அம்பத்தூர்ப் பக்கம் ஓர் அறையில் குடியிருக்கப் போகிறான். மூங்கில் கூடு மட்டும் கொஞ்ச நாள் கரையில் கிடக்கும்.

ஆனால் அப்போது படகு இன்னும் ஏரி நடுவில்தான் இருந்தது. வேம்புலியின் துடுப்பு முன்குழியின் ஓரத்தில் செருகியிருந்தது. பொன்னியம்மா அதை உருவி எடுத்தாள். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் வலப்பக்கம் ஒன்று போட்டாள். தண்ணீர் அவள் மேலேயே தெறித்தது.

"இப்டியா?"

"அப்டித்தான். நீ போடும்மா. நான் பின்னால வரேன்."

அவள் மெதுவாக, ஒழுங்கில்லாமல், நடுநடுவே நின்று நின்று போட்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே, அவள் நிறுத்தினால் நிறுத்தி, போட்டால் போட்டு, மணவாளன் படித்துறையை நோக்கி வந்தான்.